தாத்தா பெட்டில இருந்த பழைய சிகரெட் அட்டை, எந்த செட்டுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பாம்பன் பையன்: அண்ணே, எங்க தாத்தா தனுஷ்கோடில கப்பல் ஏறி கொழும்புக்குப் போய் கடைல வேலை பாத்தவரு, 64 புயலுக்கு முன்னாடி. அவரு டிரங்குப் பெட்டிய தொறந்தா அந்தக் காலத்துல சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வெச்சு வந்த, கிரிக்கெட் ஆளுங்க படம் போட்ட குட்டி அட்டை 17 இருக்கு, பிராட்மேன் கூட இருக்காரு, பின்னாடி ஜான் பிளேயர்னு போட்டுருக்கு. எந்த வருஷம்ணே?

கீழக்கரை பாய்: தம்பி, படத்த விடுங்க, பின்பக்கத்த பாருங்க. செட் பேரும் நம்பரும் அங்கதான் இருக்கும். பிளேயர்ஸ் சிகரெட் கம்பெனி 1930, 1934, 1938னு கிரிக்கெட் செட் போட்டாங்க, ஒவ்வொன்னும் 50 அட்டை. 38ல வந்ததுல ஆல்பத்துல ஒட்டுறதுக்குன்னே கோந்து தடவியிருக்கும். அப்புறம் யுத்தம் வந்து பேப்பர் தட்டுப்பாட்டுல 1940ல நிறுத்திட்டாங்க.

பாம்பன் பையன்: கோந்து இருக்கு பாய்! 38தான் போல. ஆனா ரெண்டு அட்டை ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு.

மண்டபம் அக்கா: ஐயோ தம்பி, இழுத்துப் பிரிச்சிராதீங்க, படம் உரிஞ்சிரும். நம்ம பக்கம் உப்புக் காத்து ஈரத்துக்கு கோந்து இளகத்தான் செய்யும், அதனால மத்த 15ஐயும் இன்னைக்கே தனித்தனி கவர்ல போட்டு, ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி டைட்டான டப்பால வைங்க. லேமினேஷன் மட்டும் வேணவே வேணாம். தாத்தா பத்திரமா வச்சது, பாத்துக்கங்க.