கொள்ளு போட்டும் குஞ்சு வளரவே இல்ல, என்ன காரணம்?

பென்னாகரம்_நாட்டுக்கோழி:
எல்லாருக்கும் வணக்கங்க. வீட்டுக்கிட்ட ஒரு நாப்பது நாட்டுக்கோழி குஞ்சு வளர்க்கிறேன். கடைத்தீவனம் வெல கட்டுப்படி ஆகலன்னு நம்ம காட்டுல வெளஞ்ச கொள்ள மில்லுல குருணையா ஒடச்சு ராகி சோளத்தோட கலந்து பச்சையாவே போட்டுட்டு வந்தேன், கொள்ளுல புரதம் ஜாஸ்தி, நல்லா சதப்புடிக்கும்னு நம்பித்தான். அஞ்சு வாரம் ஆச்சு, கையில தூக்குனா கனமே இல்ல, நெஞ்செலும்பு வெரல குத்துது. தீனி மட்டும் நல்லா எடுக்குது. ரெண்டு செத்துப்போச்சு, ஒண்ண கால்நடை டாக்டர்கிட்ட கொண்டுபோனேன், அறுத்துப் பாத்துட்டு ரத்தக்கழிச்சல் இல்ல, கணையம்தான் பெருத்துக் கெடக்குதுன்னார். கொள்ளால இப்படி ஆகுமா? பக்கத்து தோட்டத்துக்காரர் பப்பாளிப்பால் கலந்து குடு செரிச்சிரும்ங்கறார், கறி வேக பப்பாளிக்காய் போடறோமே அந்த மாதிரியாம். குடுக்கலாமா?

என்சைம்_பாலக்கோடு:
அண்ணா, கணையம் பெருத்திருக்குதுன்னு படிச்சதும் மனசு பதறிப்போச்சு, ஏன்னா நான் பயோகெமிஸ்ட்ரில பிஎச்டி பண்றேன், என் வேலையே கொள்ளுல இருக்கற ட்ரிப்சின் இன்ஹிபிட்டர், அதாவது புரதம் செரிக்கறத தடுக்கற பொருள்தான். பச்சைக் கொள்ள உடனே நிறுத்துங்க.

கணையம் ட்ரிப்சின்னு புரதத்த செரிக்கவைக்கற ஒரு என்சைம் சுரக்கும், அது புரதச் சங்கிலில லைசின், ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலம் வர்ற எடமா பாத்து வெட்டும். பூச்சி தின்னாம இருக்க வெத தனக்குள்ள ஒரு குட்டிப் புரதம் வச்சிருக்குது, பௌமன்-பர்க் இன்ஹிபிட்டர்னு பேரு. அது நேரா ட்ரிப்சினோட வாய்க்குள்ள போயி ஒக்காந்துக்கும், ட்ரிப்சினால அத வெட்டியும் முடிக்க முடியாது துப்பவும் முடியாது. இன்னொரு பக்கத்தால கைமோட்ரிப்சின்ங்கற இன்னொரு செரிமான என்சைமையும் புடிச்சுக்கும். லேப்ல ட்ரிப்சின் இருக்கற டியூப்ல பி.ஏ.பி.என்.ஏ.ன்னு ஒரு பொருள் விட்டா பாத்துட்டு இருக்கும்போதே மஞ்சளா மாறும், கொள்ளுச்சாறு கொஞ்சம் முன்னாடியே விட்டுட்டா அந்த மஞ்சள் வராது, தண்ணி தண்ணியாவே நிக்கும். உங்க குஞ்சு வயித்துலயும் அதேதான் நடக்குது.

இதுல கொடுமை என்னன்னா ட்ரிப்சின் பத்தலன்னு கணையம் இன்னும் இன்னும் சுரக்கும், அதான் பெருக்குது. சுரக்கற என்சைமும் புரதம்தானே, அதுல கந்தகம் இருக்கற அமினோ அமிலம் நெறய, அது எல்லாம் எச்சத்துல போயிடும், கொள்ளுல ஏற்கனவே அந்த வகைல ஒண்ணான மெத்தியோனின் கம்மி. தின்னது ஒட்டாம ஒடம்புல இருந்ததும் போகுது.

சோயாவ வேகவச்சுக் குடுத்தாதான் எலி வளருதுன்னு ஆஸ்போர்ன், மெண்டல்ங்கற விஞ்ஞானிங்க 1917லயே காட்டிட்டாங்க, சோயால இருந்து ஒரு இன்ஹிபிட்டர குனிட்ஸ்ங்கற விஞ்ஞானி படிகமா பிரிச்சது 1945ல. கொள்ளுல இருக்கறது அதவிட சின்னது, ஆனா உள்ள கந்தகப் பாலம் போட்டு இறுக்கிக் கட்டியிருக்குது, அதனால சும்மா வாணல்ல வறுத்தா சரியா அடங்காது. ராத்திரி ஊறவச்சு, தண்ணிய கொட்டிட்டு, புதுத்தண்ணில நசுங்கற அளவுக்கு வேகவைங்க.

பப்பாளிப்பால் வேணாம்ணா. அதுல இருக்கற பப்பெய்ன் வேற வகை, கொள்ளு இன்ஹிபிட்டர் அத தடுக்காதுங்கறது நெசம்தான், ஆனா பச்சப்பால் தோலையே புண்ணாக்கும், குஞ்சு வாய் தாங்காது.

ஒண்ணு சொல்லணும், இன்ஹிபிட்டர்னாலே கெட்டதுன்னு நெனச்சுராதீங்க. எச்ஐவி வைரஸோட புரதம் வெட்டற என்சைம் வாய இதே மாதிரி அடைக்கற சாக்வினாவிர் மாத்திரை 1995ல வந்துச்சு, அந்த வகை மருந்தால எத்தனயோ உசுரு பொழச்சிருக்குது.

ராயக்கோட்டை_அம்மா:
கண்ணு, அப்ப ராகிலயும் இது இருக்குதா? எம்பேரனுக்கு எட்டு மாசம், தெனம் ராகிக்கூழ்தான் குடுக்கறோம், படிச்சதுல இருந்து பயமா இருக்குது. மொளகட்டி காயவச்சு அரைச்சு பால் எடுத்துதான் காய்ச்சறேன்.

என்சைம்_பாலக்கோடு:
இருக்குதும்மா. ஷிவராஜ், பட்டாபிராமன்னு ரெண்டு பேர் 1981ல எழுதுனாங்க, ராகில இருக்கற ஒரே புரதம் மாவுச்சத்த ஒடைக்கற அமைலேஸையும் தடுக்குது ட்ரிப்சினையும் தடுக்குதுன்னு. ஒரே ஆளு ரெண்டு பூட்டு. ஆனா நீங்க பயப்படவே வேணாம், மொளகட்டுனா வெத தன் புரதத்த தானே கரைக்க ஆரம்பிக்கும், அப்ப இதுவும் கொறையும், மீதி அடுப்புல போயிரும். நீங்க செய்யறதே சரி, நல்லா கொதிக்க விடுங்க.

பென்னாகரம்_நாட்டுக்கோழி:
ரொம்ப நன்றிம்மா. நேத்து ராத்திரியே மூணு படி ஊறப்போட்டேன், காலைல தண்ணிய கொட்டும்போது ஒரே நொரை. அண்டால விறகு வச்சு வேகவச்சு ஆறவச்சு போட்டேன். கொள்ள பாதியா கொறச்சுட்டு டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கருவாட்டுத்தூளும் சேத்துருக்கறேன். இன்னிக்கு அஞ்சு குஞ்ச எட போட்டு சுவத்துல கரில எழுதி வச்சிருக்கறேன், பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி போட்டுட்டு இங்கயே வந்து சொல்றேன்.