மறு: லொகேலுக்குத் தமிழ்ச்சொல் – ‘வட்டாரம்’ வேண்டாமே

வணக்கம்.

ஊருக்குப் போயிருந்ததால், கணினியில் மொழியையும் நாட்டையும் சேர்த்துக் குறிக்கும் ‘லொகேல்’ (locale) அமைப்புக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். நீண்டுவிட்டது, ஆனாலும் சுவையாகத்தான் போயிருக்கிறது. என் பங்குக்குச் சில.

> வட்டாரம் என்றே வைத்துவிடுவோம். புழக்கத்தில் இருக்கும் சொல், புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

அண்ணா, உங்கள் அவசரம் புரிகிறது. நிறுவல் நிரலின் சரங்களை (திரையில் தெரியும் வாக்கியங்களை) மொழிபெயர்த்து இந்த வாரமே அனுப்பியாக வேண்டும். ஆனால் ‘வட்டாரம்’ என்றால் தமிழ்நாட்டில் ஒருவருக்கு முதலில் நினைவுக்கு வருவது வட்டார வளர்ச்சி அலுவலகம். அதைத் தாண்டினால் வட்டார வழக்கு. “உங்கள் வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கவும்” என்று திரையில் வந்தால், கொங்குத் தமிழா நெல்லைத் தமிழா என்று கணினி கேட்கிறது போல என்றுதான் நினைப்பார். லொகேலுக்கு அவ்வளவு நுணுக்கமெல்லாம் தெரியாது. மொழி ஒன்று, நாடு ஒன்று, பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

சொல்லைப் பிடிக்கும் முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். இழையில் பாதிப் பேர் லொகேலை ‘மொழி’ என்றும் மீதிப் பேர் ‘இடம்’ என்றும் எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறோம். இரண்டும் பாதிதான். மொழிக்கு ஒரு குறி, நாட்டுக்கு ஒரு குறி: தமிழுக்கு டி-ஏ, இந்தியாவுக்கு ஐ-என். இலங்கை என்றால் எல்-கே, சிங்கப்பூர் எஸ்-ஜி, மலேசியா எம்-ஒய். யூனிக்கோடின் (ஒருங்குறி) சிஎல்டிஆர் என்ற லொகேல் தரவுத்தொகுப்பில் தமிழுக்கு இந்த நான்கும் தனித்தனியே உண்டு. நான்கிலும் மொழி தமிழ்தான். ஆனால் ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்துச் சொச்சத்தை இந்தியாவில் 1,23,45,678 என்று பிரிப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 12,345,678. நாள்காட்டியில் வாரம் இந்தியாவுக்கு ஞாயிறில் தொடங்கும், இலங்கைக்குத் திங்களில். பணத்துக்கு ஓரிடத்தில் ரூபாய், ஓரிடத்தில் ரிங்கிட், ஓரிடத்தில் டாலர். சென்னையில் அச்சாகும் அக்டோபர் கொழும்பில் ஒக்டோபர், ஆகஸ்ட் அங்கே ஓகஸ்ட். ஆக, ‘இந்த மொழி பேசுகிறவர்கள் இந்த நாட்டில் எப்படி எழுதுவார்கள்’ என்ற பழக்கங்களின் தொகுப்புதான் லொகேல்.

அந்தப் பழக்கத்தில் நமக்கு அதிகம் வலிப்பது அகரவரிசை. கட்டளை முனையத்தில் ஆறு சொற்களைக் கொடுத்து, சி லொகேலில் வரிசைப்படுத்திப் பாருங்கள். சி நிரல்மொழியோடு வந்த அந்த இயல்பு அமைப்புக்கு எந்த மொழியும் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருங்குறி கொடுத்திருக்கும் குறியெண்ணை மட்டும் பார்க்கும். வருவது இது:

கனி, கப்பல், பகல், பக்கம், பள்ளி, பழம்

சிஎல்டிஆரின் தமிழ் வரிசை விதிப்படி வர வேண்டியது இது:

கப்பல், கனி, பக்கம், பகல், பழம், பள்ளி

மூன்று இணை, மூன்றும் தலைகீழ். ஒருங்குறிப் பட்டியலில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ கடைசி. புள்ளிக்கு அங்கே உயிர்க்குறிகளுக்கும் பின்னால் எண் கொடுத்திருப்பதால் ‘க்’ வந்து ‘க’வுக்குப் பின்னால் நிற்கிறது. ‘ள’வும் ‘ழ’வும் இடம் மாறிக் கிடக்கின்றன. இந்திய மொழிகளின் எழுத்துகளை ஒரே அச்சில் வைத்து எண் கொடுத்ததன் விளைவு. அது பழைய சண்டை, இங்கே வேண்டாம். குறியெண்ணை இனி மாற்ற முடியாது. லொகேல்தான் அதைச் சரிசெய்து கொடுக்கிறது. வாக்காளர் பட்டியலோ நூலக அட்டவணையோ, யாராவது லொகேலைக் கவனிக்காமல் விட்டால் ‘கனி’ ‘கப்பலுக்கு’ முன்னால் ஏறிவிடும். அகராதி பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே உறுத்தும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். என் சோதனை ஒன்றுதான்: சொல்லை உண்மையான ஒரு சரத்தில் வைத்துப் படிப்பது. டெபியன் இயங்குதளத்தின் நிறுவல் நிரலில், நாட்டைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒரு வரி வரும். நாம் தேர்ந்தெடுக்கும் இருப்பிடத்தை வைத்து நேரவலயம் அமைக்கப்படும், லொகேலைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவும் என்பது அதன் சாரம். இரண்டு கருத்தும் ஒரே வாக்கியத்தில் இருப்பதால் போலிச் சொல் எதுவானாலும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

‘இடம்’ என்று வைத்தால்: “தேர்ந்தெடுத்த இடத்தைக் கொண்டு கணினியின் இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.” மேசை மேலா, கட்டிலுக்கு அடியிலா?

‘மொழிச்சூழல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லொகேலை அமைப்பதே சூழல் மாறிகளை (நிரல்களுக்கு இயங்குதளம் கொடுக்கும் மதிப்புகளை) கொண்டு. “மொழிச்சூழல் சூழல் மாறி” என்று எழுதிப் பார்த்துவிட்டு நானே அழித்துவிட்டேன். ‘களம்’ ஏற்கெனவே ஆள்களத்துக்கும் (டொமைன்) தரவுக்களத்துக்கும் (ஃபீல்டு) போய்விட்டது. அதன் தலையில் இன்னொன்றையும் ஏற்ற வேண்டாம்.

> திணை. நிலமும் அந்த நிலத்து ஒழுக்கமும் சேர்ந்தது. இதைவிடப் பொருத்தமான சொல் உலகில் எந்த மொழியிலும் கிடையாது.

ஐயா, பொருள் அளவில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. படித்ததும் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் “உங்கள் திணையைத் தேர்ந்தெடுக்கவும்” என்று கேட்டுவிட்டுக் கீழே இந்தியா, இலங்கை, மலேசியா என்று பட்டியல் போட்டால், குறிஞ்சியும் முல்லையும் எங்கே என்றுதான் தேடுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. மொழிக்கருவி செய்கிறவர்களுக்கு உயர்திணை, அஃறிணை என்ற இலக்கணப் பொருளில் இந்தச் சொல் அன்றாடம் தேவை. “திணைக்கேற்ப வினைமுற்றை மாற்று” என்று ஒரு குறிப்பு எழுதினால் நாட்டுக்கு ஏற்பவா, எழுவாய்க்கு ஏற்பவா?

அப்புறம் நான் முன்மொழிந்த ‘இடவழக்கு’. வழக்கு என்றால் மரபாகப் புழங்குவது, அதோடு இடம் சேர்ந்தால் முடிந்தது என்று கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதியிருந்தேன். ஊரில் அப்பாவிடம் மடிக்கணினியைக் காட்டி, “இங்கே இடவழக்கைத் தேர்ந்தெடுக்கணும்” என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “எந்த எடத்துக்கு வழக்கு? யாரு போட்டது?” என்று கேட்டார். பதினோரு வருடம் ஒரு வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டுக்கு நடந்தவர். அவர் காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? அத்தோடு அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வழி காட்டியது யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எழுதிய மடல். சொல் எதையும் அவர் முன்மொழியவில்லை. தேதி வடிவத்தைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில், “நாங்கள் வழமையாக நாளைத்தான் முதலில் எழுதுவோம்” என்று ஒரு வரி போட்டிருந்தார். வழமை! நாம் வழக்கம் என்பதை அங்கே வழமை என்கிறார்கள். அங்கே தேசவழமை என்று ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர்களின் சொத்து, சீதனம், அடகு பற்றிய வழக்காறுகளை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்கள்) தொகுக்க வைத்து 1707இல் சட்டமாக்கினார்கள். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு தேசத்தார் எதை எப்படிச் செய்வார்கள் என்பதன் தொகுப்புக்கு அங்கே முந்நூறு ஆண்டுகளாக இந்தப் பெயர். லொகேல் கோப்பும் அதே வேலையைத்தான், சொத்துக்குப் பதிலாக எண்ணைப் பிரிக்கும் காற்புள்ளிக்கும் தேதிக்கும் செய்கிறது. (கோர்ட்டிலிருந்து தப்பிச் சட்டப் புத்தகத்தில் விழுந்திருக்கிறேன், தெரிகிறது.)

ஆகவே இடவழமை.

அதே சரத்தில் வைத்துப் பார்ப்போம்: “தேர்ந்தெடுத்த இருப்பிடத்தைக் கொண்டு நேரவலயம் அமைக்கப்படும், கணினிக்கு ஏற்ற இடவழமையைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவும்.” எதுவும் எதனோடும் முட்டவில்லை. இடவழமைக் கோப்பு, இயல்பு இடவழமை, இடவழமைக் குறி, இடவழமை சார்ந்த வரிசை – எல்லாம் ஓடுகின்றன. வேற்றுமை உருபு ஏற்றாலும் நொண்டவில்லை. “இயல்பு இடவழமையை அமைக்க முடியவில்லை” என்ற பிழைச்செய்தியையும் ஆசையாக மொழிபெயர்த்து வைத்தேன். பிறகுதான் உறைத்தது: தமிழ் இடவழமையை ஏற்ற முடியாதபோதுதானே அந்தச் செய்தி வரும், அப்போது அது ஆங்கிலத்தில்தான் தெரியும். அதை யாரும் படிக்கப் போவதில்லை. இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் வழமை அவ்வளவாகப் பேச்சில் இல்லை என்ற மறுப்பு வரும். உண்மை. ஆனால் ‘வழமைபோல்’ என்று எழுத்தில் பார்க்காதவர் குறைவு, பார்த்தால் பொருள் புரியாதவர் அதைவிடக் குறைவு. கலைச்சொல் எப்போதும் சென்னையிலிருந்து கிளம்பித்தான் மற்ற ஊர்களுக்குப் போக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லையே. எனக்கு இருக்கும் தயக்கம் வேறு: சட்டத்தின் பெயரோடு இவ்வளவு நெருங்கிய ஒலி அங்கே உள்ளவர்களுக்கு உறுத்துமா? அதை அக்காதான் சொல்ல வேண்டும். உறுத்தும் என்றால் விட்டுவிடலாம்.

ஒரு வேண்டுகோள். ஐ-18-என் (இன்டர்நேஷனலைசேஷன்), எல்-10-என் (லோக்கலைசேஷன்) இரண்டையும் இந்த இழைக்குள் இழுக்காதீர்கள். பன்னாட்டுமயமாக்கலா, உள்ளூராக்கமா, தன்மொழியாக்கமா என்று தொடங்கினால் அடுத்த பொங்கல் வந்துவிடும். தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

மலேசிய நண்பர்கள் யாராவது ‘இடவழமை’யைக் கைப்பேசித் திரையில் ஒருமுறை போட்டுப் பார்க்க முடியுமா? பட்டியலில் ‘மை’ வெட்டுப்படுகிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். ஞாயிறு இரவு வரை காத்திருக்கிறேன், பிறகு மொழிபெயர்ப்புக் கோப்புகள் மூன்றிலும் மாற்றிவிடுவேன்.

அப்பாவிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். “வழமைன்னா சிலோன்காரங்க சொல்றதுதானே, வழக்கம்தானே?” என்றார். யார் போட்டது என்று கேட்கவில்லை.