பேராமையும் பெப்சி பாசியும்: மண்டபம் குடும்பக் குழு

நிவேதா: சித்தப்பா, நம்ம கடல்ல இருக்குற ஒரு உயிரினத்தையும் ஒரு பாசியையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லிருக்காங்க காலேஜ்ல. பேராமைங்குற பச்சைக் கடலாமையும் கப்பாபைகஸும் எடுத்திருக்கேன்.

மேரி பெரியம்மா: ரெண்டாவது என்னதுடி?

நிவேதா: பெப்சி பாசி பெரியம்மா. தெப்பத்துல கட்டுறீங்களே.

மேரி பெரியம்மா: அப்படிச் சொல்லு. 60 கிலோ கட்டிவிட்டா 45 நாள்ல அறுத்துரலாம். கடல் நல்லா இருந்தா 200 கிலோவுக்கு மேல வரும்.

சித்தப்பா: அதுலருந்தே தொடங்கு நிவேதா. பேராமை முட்டை போடுற வயசுக்கு வரவே 20, 30 வருசம் ஆகும். ஒரு குழிக்கு 100 முட்டை போட்டாலும் பெருசாகுறது ரொம்பக் கொஞ்சம். பாசிக்கு ஒடிஞ்ச துண்டே போதும், தழைச்சிரும்.

அந்தோணி மாமா: பாம்பன்ல முன்னாடி ஆமையை உயிரோட பட்டியில அடைச்சு வச்சு விப்பாங்க. வனவிலங்குச் சட்டம் வந்தப்புறம்தான் அது குறைஞ்சுச்சு.

சித்தப்பா: ஆமா மச்சான். பிடிக்கிறதை நிறுத்தினாலும் ஆமைக் கூட்டம் பெருக ஒரு தலைமுறை ஆகும். பாசி அப்படியே தலைகீழ். குருசடைத் தீவுல பவளப்பாறை மேல படர்ந்துருச்சுன்னு 2008ல ஆராய்ச்சிக்காரங்க எழுதினாங்க. பாறையை மூடிட்டா வெளிச்சம் இல்லாம பவளம் செத்துரும். பிச்செடுத்தாலும் ஒட்டியிருக்குற துணுக்கு திரும்ப முளைக்கும்.

மேரி பெரியம்மா: அதுக்காகத் தெப்பமே வேணாம்னு எழுதிராத நிவேதா. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடல்ல முங்கி, பாறையில கால் கிழிஞ்ச பொம்பளைங்க நாங்க. கரைக்குப் பக்கத்துலயே வேலை குடுத்தது இந்தப் பாசிதான்.

சித்தப்பா: வேணாம்னு சொல்லல மதினி. தீவுக்கும் பாறைக்கும் தள்ளி, துண்டு சிதறாம கீழ வலை கட்டி வளர்க்கணும். அவ்வளவுதான்.

மேரி பெரியம்மா: வலை கட்டாம எப்படி? ஓரா மீன் மேஞ்சிருமே!

நிவேதா: ஆமையும் பாசி திங்குமா?

சித்தப்பா: வளர்ந்த பேராமைக்குக் கடல்புல்லும் பாசியும்தான் முக்கியத் தீனி. ஹவாய்ல வெளியூர்லருந்து வந்து பரவுன பாசிகளைக்கூட மேயுது. ஆனா ஆமையை மட்டும் நம்பி இருக்க முடியாது. அங்க கானியோஹே விரிகுடாவுல கப்பாபைகஸை எடுக்க உறிஞ்சுற மிஷின் வச்சாங்க, கடல் முள்ளெலிக் குஞ்சுகளையும் வளர்த்து விட்டாங்க. இதைக் கட்டாயம் சேர்த்துக்கோ. இந்தப் பாசி பரவிட்டா எடுக்க எவ்வளவு பாடுன்னு படிக்கிறவங்களுக்குப் புரியணும்.

நிவேதா: சேர்த்துக்கறேன் சித்தப்பா. பெரியம்மா, தெப்பம் போட்டோ வேணும்.

மேரி பெரியம்மா: ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா கரைக்கு வா. கட்டுறதையும் பாரு, வலையையும் படம் எடு.