சைடு ஸ்கர்ட்டுக்கு டேப் மட்டும் போதுமாம்!

பழைய ஸ்பானர்: "சைடு ஸ்கர்ட்டை இருபக்க டேப்பில் ஒட்டினாலே போதும், ஸ்க்ரூ போடுகிறவனுக்குக் காரின் அருமை தெரியாது" என்று நேற்று நம் மன்றத்தின் ஸ்பாய்லர் இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கதவுகளுக்குக் கீழே, காரின் பக்கவாட்டில் நீளமாகப் பொருத்துகிற பட்டை அது. சக்கரத்துக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சுக்குள் முனைக்கு ஒரு ஸ்க்ரூ, அடிவிளிம்பில் நாலு. இந்த ஸ்க்ரூக்கள் இல்லாமல் சாலையில் இறங்கக்கூடாது. கழன்று விழுந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் கதி என்ன?

வெள்ளை ஹேட்ச்: எழுதியது நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே திட்டலாம். இரண்டு வருடமாக டேப்பில் மட்டும்தான் நிற்கிறது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, அக்ரிலிக் ஃபோம் டேப் ஒட்டி, ரோலரால் அழுத்தி, 72 மணி நேரம் வண்டியைத் தொடவில்லை. தகட்டில் துளை போட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

பழைய ஸ்பானர்: துளையின் பிசிறைத் தேய்த்துவிட்டு, துரு தடுக்கும் ப்ரைமர் வைத்தால் துரு ஏன் வருகிறது? சோம்பேறித்தனத்துக்கு துரு ஒரு சாக்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்கு. ஸ்க்ரூ வேண்டும்.

கரிவண்டி: ஸ்கர்ட் எந்தப் பொருள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. பாலிப்ரொப்பிலீன் என்றால் ஒட்டுதல் ப்ரைமர் தடவாமல் டேப் சரியாகப் பிடிக்காது. ஃபைபர் கிளாஸில் ஸ்க்ரூவை வாஷர் இல்லாமல் முறுக்கினால் விரிசல் விடும்.

பழைய ஸ்பானர்: எந்தப் பொருளானால் என்ன? ஸ்க்ரூ வேண்டும்.

கரிவண்டி: போன மாதம் நீங்கள் போட்ட முன் லிப் (முன் பம்பருக்கு அடியில் பொருத்தும் பட்டை) படத்தில் ஸ்க்ரூவைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி விரிசல் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். பதில் வரவில்லை, படம் மட்டும் காணாமல் போனது.

பழைய ஸ்பானர்: அது கல் பட்டது. நீ என் பதிவுகளைத் தோண்டுவதையே வேலையாக வைத்திருக்கிறாய் தம்பி.

வெள்ளை ஹேட்ச்: குறி பார்த்து ஸ்க்ரூ மேலேயே வந்து விழுந்த கல்!

புதுக்கை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பாலியூரித்தேன் ஸ்கர்ட். பெயின்ட் அடிக்கும் முன் மாஸ்கிங் டேப்பில் நிறுத்திப் பார்த்தேன். பின் முனையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அழுத்தினால் உட்காருகிறது, கையை எடுத்தால் எழும்புகிறது.

கரிவண்டி: அப்படியே ஒட்டாதீர்கள். அந்த எழும்பும் விசை டேப்பை ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே இருக்கும். ஹீட் கன்னில் இதமாகச் சூடேற்றி, வளைவுக்குப் பிடித்து, ஆறும்வரை விடாதீர்கள். பெயின்ட் அப்புறம்.

பழைய ஸ்பானர்: டேப் உரியும் என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்! இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? நான் பம்பர் கழற்றிய காலத்தில் நீங்களெல்லாம் பொம்மைக் கார் உருட்டியிருப்பீர்கள்.

கரிவண்டி: இடைவெளி இருந்தால் உரியும் என்றேன். பாதியை மட்டும் படிக்கும் பழக்கம் உங்களை விட்டுப் போகவே போகாதா?

வெள்ளை ஹேட்ச்: பொம்மைக் காரா? என் வண்டியின் அடிவிளிம்பைப் படம் எடுத்துப் போடுகிறேன், துரு ஒரு புள்ளி காட்டுங்கள். நீங்களும் உங்கள் லிப் படத்தைத் திரும்பப் போடுங்கள்.

பழைய ஸ்பானர்: என் படம் எதற்கு? பேச்சு உன் ஸ்கர்ட்டைப் பற்றி. அதற்கு ஸ்க்ரூ வேண்டும்.