ஏரி வண்டல் மண் அனுமதி: ஆணை வந்தும் அலுவலகத்துக்குத் தெரியவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

மானாவாரி விவசாயி, தர்மபுரி மாவட்டம்:

எங்களுடையது செம்மண் மேடு. கேழ்வரகும் துவரையும்தான் போடுகிறோம். ஏரி வண்டல் அடித்த பாத்தியில் மழை தப்பினாலும் ஈரம் இன்னும் சில நாள் தாங்கும். அதற்காகத்தான் கோடையில் ஏரி வற்றியதும் வண்டலுக்கு அலைகிறோம்.

இதற்கு முன்பெல்லாம் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். 2024இல், மண், மணல் போன்றவற்றை எடுக்க அனுமதி தரும் சிறுகனிமச் சலுகை விதிகளைத் திருத்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு மாற்றியது. பேப்பரில் படித்துவிட்டுத்தான் தாலுகா ஆபீஸ் போனேன். "அதெல்லாம் கலெக்டர் ஆபீஸ்லதாங்க, எங்களுக்கு ஒண்ணும் வரலையே" என்றார் கவுன்டரில் இருந்தவர். கனிமப் பிரிவுக்குப் போனால், "தாலுகாவுக்கே கொடுத்தாச்சே" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அப்புறம் அக்கா மகன் அரசாணையைத் தேடி எடுத்து அச்செடுத்துக் கொடுத்தான். திருத்தம் சொல்லும் பத்திக்குப் பேனாவால் கோடு போட்டு மனுவோடு இணைத்தேன். தாலுகா ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல ஒரு ஜெராக்ஸ் எங்களுக்கும் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அனுமதியும் கிடைத்தது. புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75, கட்டணம் இல்லை. ஆனால் அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்குள் டிராக்டர் இறங்கவில்லை, பாதி மண்தான் வந்தது.

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோட்டையில் கையெழுத்தாகும் ஆணையை விவசாயி ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் வேதனை.

மண்பாண்டத் தொழிலாளி, கிருஷ்ணகிரி மாவட்டம்:

எங்களுக்கு 60 கன மீட்டர் என்று விதி இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. மாவட்ட அரசிதழில் பெயர் வந்த ஏரி, குளத்தில்தான் மண் எடுக்கலாம். எங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. கடைசியில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் பட்டியலை வாங்கினேன். எங்கள் ஏரி இல்லை. பக்கத்து ஊர் ஏரி இருந்தது. இந்தப் பட்டியலைப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்?

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தர்மபுரி:

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்த விதிகள் 1959ஆம் ஆண்டுடையவை. அதிகாரம் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 15ஆவது பிரிவிலிருந்து வருகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள். ஒவ்வொரு திருத்தமும் "இந்தச் சொற்களுக்குப் பதில் இந்தச் சொற்கள்" என்று தனித்தாளாகத்தான் வரும். எல்லாவற்றையும் சேர்த்த புத்தகம் மேசையில் இருக்காது. நான் கைக்காசு போட்டு வாங்கிய பழைய பதிப்பில் திருத்தத் தாள்களை ஒட்டி ஒட்டி அது இரண்டு மடங்கு தடிமனாகிவிட்டது. கூடவே ஒரு விஏஓவுக்கு இன்னொரு கிராமமும் கூடுதல் பொறுப்பு. அவர் எப்போது ஏரியைப் போய்ப் பார்ப்பது, எப்போது அறிக்கை எழுதுவது?

விதியை மாற்றும்போதே, அதை நடத்துகிற ஆபீஸுக்கு ஆளும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, தாங்கள் பயன்படுத்தும் விதிகளையும் அறிவுறுத்தல்களையும் ஒவ்வொரு அலுவலகமும் கேட்காமலே வெளியிட வேண்டும். மனுவில் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள் அம்மா. விடுபட்ட ஏரியைச் சேர்க்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

மண்பாண்டத் தொழிலாளி:

சரிங்க ஐயா. அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கிறோம். தீர்மானத்தில் ஏரியின் சர்வே எண்ணையும் எழுத வேண்டுமா, பெயர் மட்டும் போதுமா?

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்:

இரண்டும் எழுதுங்கள். ஒரே பெயரில் ரெண்டு மூணு ஏரி இருக்கும், சர்வே எண் இல்லாவிட்டால் மனு திரும்பி வந்துவிடும்.