ஆயாவின் தாலாட்டைப் பதிவு செய்யப் போகிறோம், எப்படி நடத்தலாம்?

பள்ளத்தூர்ப் பேரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தாலாட்டு, கும்மி, கல்யாணப் பாட்டு என்று நிறைய வைத்திருக்கிறார். போன வருஷம் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனோம். காதில் ஹெட்போன், எதிரே கண்ணாடி, அந்தப் பக்கமிருந்து ஒருவர் "ஒன் மோர் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆயா பாதியில் எழுந்து "வீட்டுக்குப் போவோம்" என்றுவிட்டார். பதிவு சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் கேட்டால் யாரோ பாடுவது போல இருக்கிறது.

சித்திரையில் எல்லோரும் பள்ளத்தூர் வீட்டில் கூடுகிறோம். சின்ன ரெக்கார்டர் ஒன்றும் கண்டென்சர் மைக் இரண்டும் இருக்கின்றன. எப்படி நடத்தினால் ஆயாவுக்கும் பிடித்து, எங்களுக்கும் நல்லதாக ஒன்று கிடைக்கும்?

ஒலிக்காரன், காரைக்குடி:

தம்பி, ஆயா எழுந்து வந்ததில் ஆச்சரியமே இல்லை. தாலாட்டு ஒரு ஆளுக்காகப் பாடுவது. கண்ணாடியைப் பார்த்துப் பாடச் சொன்னால் யாரைத் தூங்க வைப்பார்? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தொட்டில் கட்டு. இல்லையென்றால் அவர் வயதொத்த ஒருவரை எதிரே உட்கார வை. ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்துக் கொடுப்பார், சண்டையும் போடுவார், அதுவும் வேண்டும். கல்யாண வீட்டிலும் கோவிலிலும் பல வருஷமாகப் பதிவு செய்கிறேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதெல்லாம், பாடியவர் என்னை மறந்துவிட்டுப் பாடியதுதான்.

வீட்டுக்குள் போனதும் வளவிலேயே, அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்திலேயே, வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், எல்லாமே வழுவழுப்பு. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார், சத்தம் சுவருக்குச் சுவர் மோதி டர்ரென்று திரும்பும். பத்துப் பேர் கும்மியடிக்க அது அழகு. வயதான குரலில் சொல்லே புரியாது. போதாததற்கு மேலே புறா. வளவை ஒட்டி, பழைய மெத்தையும் டிரங்குப் பெட்டியுமாக அடைந்து கிடக்கும் அறை ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதுதான் உனக்கு ஸ்டூடியோ. ஜமக்காளத்தை விரித்து, கதவில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டால் போதும். கும்மியை மட்டும் வளவில் வைத்துக்கொள்.

மைக் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல் என்று வை. உரத்த இடத்தில்கூட அது காட்டும் ஒலி அளவு மைனஸ் 12 டெசிபல் தாண்டாதபடி வைத்துவிட்டு அப்புறம் ரெக்கார்டரைத் தொடாதே. இரைச்சல் விழாமலிருக்க ஃப்ரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடு. திரும்பப் போடாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது!

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிறுத்தாதே. இரண்டு மைக்கும் சேர்ந்து மணிக்கு ஒரு ஜிபிதான் ஆகும். "இது எங்க அப்பத்தா உங்க அம்மானுக்குப் பாடினது" என்று ஆயா ஆரம்பிப்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான். நீளத்தைப் பற்றியும் கவலைப்படாதே. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். பெரிய வித்வான்களே ராகத்தைச் சுருக்கிப் பாடி இறங்கினார்கள். நம் காதும் அந்த அளவுக்கே பழகிப்போச்சு. தாலாட்டுக்கு ஏது அளவு? பிள்ளை தூங்கும்வரை போகும். மாமன் கொண்டுவந்த சீரைச் சொல்லும் இடத்துக்கு வரவே ஐந்து நிமிஷம் எடுப்பார். குறுக்கே பேசாதே.

முடிந்ததும் அன்றைக்கே ஒரு ஸ்பீக்கரில் போட்டு எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆயா கேட்டுவிட்டு "அந்த அடி வேற மாதிரில்ல வரும்" என்பார். அப்போது பாடுவார் பார், அதுதான் பதிவு. மைக்கைக் கழற்றாமல் வைத்திரு.

தேவகோட்டை ஆச்சி:

அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். பேச்சையும் விடாமல் பதிந்தால் குடும்பக் கதை எல்லாம் உள்ளே வந்துவிடும். பங்காளி வழக்கு, யார் எந்த நகையை விற்றார்கள் என்பது உட்பட. யாருக்கும் அனுப்புவதற்கு முன்னால் ஆயாவிடம் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுப் பரவியபின் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று. ஆர்வத்தில் ஒப்பாரியும் பாடச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள். நல்ல நாளில், விளக்கேற்றிய வீட்டுக்குள் அதைப் பாட மாட்டார்கள். கேட்டாலே மனசு கோணிவிடும், அப்புறம் தாலாட்டும் வராது. அவராகப் பேச்செடுத்தால் பார்க்கலாம். எங்கள் அப்பத்தா வேறொரு நாள், ஊருணிப் படியில் உட்கார்ந்துதான் பாடிக் காட்டினார்கள்.

தவில்காரன்:

நான் மேளம் வாசிக்கிறவன். ஒரு ஸ்டூடியோவில் என்னைத் தனி அறையில் போட்டு, நாகஸ்வரத்தை வேறு அறையில் வைத்து, காதில் டிக் டிக் என்று கொடுத்தார்கள். நாகஸ்வரம் வாசிக்கிற அண்ணன் எப்போது மூச்சு எடுக்கிறார் என்று பார்த்துத்தானே நான் முத்தாய்ப்புக்குத் தயாராவேன்? அதற்கு வழியே இல்லை. சம்பளம் சரியாக வந்தது, அந்தப் பாட்டை இன்றுவரை நான் கேட்கவில்லை. அதனால் கூடப் பாடுகிறவர்களை ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய உட்கார வையுங்கள். சத்தம் கலந்தால் கலக்கட்டும்.

பள்ளத்தூர்ப் பேரன்:

ரொம்ப நன்றி. அக்கா பிள்ளைக்கு ஐந்து மாதம், தொட்டிலுக்கு ஆள் இருக்கிறது. கோட்டையூரிலிருந்து ஆயாவின் தங்கை, சின்னாயாவும் வருகிறார்கள். ஒரே கவலை: சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தி, போர்வையும் கட்டினால் அந்த அறையில் எப்படி உட்காருவார்கள்?

ஒலிக்காரன், காரைக்குடி:

விடிய ஆறு மணிக்கே வைத்துக்கொள். காப்பி குடித்த கையோடு உட்கார வை. தண்ணீர் மோட்டார் போடுகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடு. குழாய் ஸ்பீக்கர் போடும் நாளா என்று கோவிலிலும் கேட்டுக்கொள். எட்டரைக்கு மேல் இழுக்காதே. மிச்சம் இருந்தால் மறுநாள் காலை.