முகம் இல்லாமல் சீருடைக்காரரைக் கீறுவது சரியா?

பளை_மழை:
எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்துக்குச் சித்திரம் எடுத்தவள், இப்ப வீட்டில் இருந்து தனியாகக் கீறிக்கொண்டிருக்கிறேன். என் அக்கா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறாள். விடிய நாலரைக்கு எழும்பி, சீருடை போட்டு, சந்தியில் வாகனத்துக்கு நிற்பாள். அந்த இருட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே நிற உடுப்பில், கையில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறதைக் கீற வேணும் என்று கனநாள் ஆசை. போன கிழமை பார்ட் வான் டெர் லெக் என்ற ஒல்லாந்து ஓவியரின் படங்களைப் பார்த்தேன். தொழிற்சாலை விட்டு வெளியே வருகிற சனத்தைச் சிவப்பு, மஞ்சள், நீலத் துண்டுகளாக வெள்ளைப் பின்னணியில் போட்டிருக்கிறார், ஆனால் ஒருவருக்கும் முகம் கிடையாது. எனக்கு நல்லாப் பிடித்துவிட்டது. அக்காவுக்குக் காட்டினேன், "நீ எங்களை இப்படிக் கீறினால் இதில நான் எது?" என்று கேட்டாள். அதிலிருந்து கை ஓடவில்லை. இப்படிக் கீறலாமா?

கனகராயன்_கரை:
தங்கச்சி, நீங்கள் பார்த்தது அவருடைய 1917 ஆம் ஆண்டுப் படங்களாக இருக்க வேணும், ஒல்லாந்தில் ஓட்டர்லோ என்ற ஊரில் உள்ள குரோலர்-மியூலர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் அந்தப் பாணிக்கு நேராகப் போய்ச் சேரவில்லை. 1876 இல் உத்ரெக்ட்டில் பிறந்தவர், சின்ன வயதிலேயே வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகி, பிறகுதான் ஆம்ஸ்டர்டாமில் அலங்காரக் கலை படித்தார். கண்ணாடிகளை இணைக்கிற ஈயக் கோட்டுக்குள் நிறத்துண்டை வைக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவேயில்லை, சுவரோடு ஒட்டி நிற்கிற ஓவியம் வேணும் என்றுதான் நினைத்தார். 1910 ஐ ஒட்டிய படங்களில் தொழிலாளரும் சிப்பாய்களும் பக்கவாட்டாக, கனமான உடம்போடு வரிசையில் நடப்பார்கள், முகமும் இருக்கும். 1914 இல் ஒரு சுரங்க, கப்பல் நிறுவனத்துக்காக ஸ்பெயினுக்கும் அல்ஜீரியாவுக்கும் போய் அங்கே வேலை செய்த ஆட்களை நேரில் பார்த்துக் கீறி வந்தார். அந்தக் கீறல்களைக் குறைத்துக் குறைத்துத்தான் 1916 இல் சுரங்கத்தைப் பற்றிய மூன்று பாகப் படத்தைச் செய்தார். ஆளைத் தெரிந்துகொண்டு குறைத்தால்தான் மிஞ்சுகிற துண்டில் ஆள் இருப்பார். அக்காவை முதலில் ஒரு இருபது தரம் நேரில் கீறுங்கள், பிறகு குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

வட்டுவாகல்:
தம்பி சொல்கிற கலை எல்லாம் சரி, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினபோது ஒவ்வொரு கையிலும் என்ன இருந்தது? ஒரு முகம். லமினேட் பண்ணின, வெயிலில் நிறம் போன ஒரு முகம். ஒல்லாந்தில் முகத்தை எடுத்தால் அது ஒரு பாணி, எங்கட சனத்துக்கு முன்னால் அதே படத்தை வைத்தால் ஆட்கள் காணாமல் போய்விட்டார்கள் என்றுதான் தெரியும். பிள்ளை, முகத்தைக் கீறு.

இரண்டாம்_லேன்:
அக்கா, கோபிக்காதேங்கோ, நானும் அதே வேலைதான் செய்கிறேன். லேனுக்குள், அதாவது ஒவ்வொருவரும் கண்ணிவெடி தேடுகிற ஒடுங்கிய பாதைக்குள், இருக்கும்போது தலையில் கவசம், முன்னுக்குக் கண்ணாடி மூடி, அதில் வெயில் பட்டால் ஒருவர் முகமும் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் யார் எவர் என்று எங்களுக்கு நல்லாத் தெரியும். ஒருத்தி இடது முழங்காலை முதலில் ஊன்றுவாள். ஒருத்தி மண்ணை எடுக்கும்போது நாடியை நெஞ்சுக்குள் இறக்கிவிடுவாள். இன்னொருத்தி ஓய்வுக்கு எழும்பினால் முதலில் கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டிப் பார்ப்பாள், அவளுக்கு மூட்டுவலி. இதெல்லாம் படத்தில் வந்தால் முகம் இல்லாமலே நாங்கள் எங்களைப் பிடித்துவிடுவோம். விடியச் சந்தியில் நிற்கிற படம் என்றால் அப்போது கவசம் கிடையாது, முகம் தெரியும், அதை மறைக்கிறது எனக்கும் சரியாகப் படவில்லை.

பளை_மழை:
இரண்டாம்_லேன் அக்கா, நீங்கள் எழுதினதை எங்கட அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே எழும்பி, தான் எப்படி முழங்காலில் இருப்பாள் என்று முற்றத்தில் இருந்து காட்டினாள், குதிக்கால் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும், எனக்கு இத்தனை நாளும் தெரியாது. ஆறு தரம் கீறியாச்சு. இரண்டு படமாகச் செய்யப் போகிறேன், சந்தியில் முகத்தோடு ஒன்று, லேனில் முகம் இல்லாமல் ஒன்று. அப்புறம் கனகராயன்_கரை அண்ணா, வான் டெர் லெக் அஸ்பெஸ்டஸ் சிமெந்துத் தகட்டிலும் கீறினவர் என்று வாசித்தேன். பழைய வீட்டுத் தட்டையான தகடு இரண்டு கிடக்கிறது, அதில் கீறலாமா?

கனகராயன்_கரை:
ஓம், கேசீன் வர்ணத்தால் அப்படிக் கீறியிருக்கிறார். பாலைத் திரைத்து எடுக்கிற புரதத்தில் குழைக்கிற நிறம் அது, காய்ந்தால் மினுக்கம் இல்லாமல் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தகட்டைத் தொடவேண்டாம், வெட்டவும் தேய்க்கவும் கூடவே கூடாது, அதன் தூள் நுரையீரலுக்குப் பொல்லாதது. ஹார்ட்போர்ட் வாங்கி இரண்டு பக்கமும் வெள்ளை அடித்துக் காயவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும்.